நுரை வந்தால் கறை போகுமா?

2025-இல் அந்த இன்ஸ்டாகிராம் வீடியோக்கள் வந்ததிலிருந்து, என் ஊர் கூமாப்பட்டி என்று சொன்னால் போதும், "உங்க ஊர் தண்ணி அப்படி இருக்குமாமே!" என்று பிடித்துக்கொள்கிறார்கள். தண்ணீரைப் பற்றி இன்னொரு நாள் பேசுவோம் நண்பர்களே. இன்று எங்கள் தெருவின் சிமெண்ட் களத்தைப் பற்றியும், அதில் நான் செய்த முட்டாள்தனத்தைப் பற்றியும் சொல்கிறேன்.

போன அறுப்புக்கு முன்னால், களத்தின் மூலையில் நின்ற டிராக்டரிலிருந்து ஆயில் ஒழுகி, ஒரு பாய் அகலத்துக்குக் கறுப்பாகப் பிடித்துவிட்டது. அதன்மேல் நெல்லைக் கொட்டினால் வாடை ஏறிவிடும். "ஏப்பா, நீ சிவிலுதான படிக்கிற? இதுக்கு ஒரு வழி சொல்லு" என்றார் பெரியப்பா. எங்கள் குடும்பத்தில் காலேஜ் படி ஏறியவன் நான் ஒருவன்தான். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆசிட் ஊத்துனா போயிரும் பெரியப்பா" என்றேன்.

கடையில் வாங்கினேன். ஆசிட் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்து, பெயரைப் பதிந்துகொண்டுதான் விற்க வேண்டும், 18 வயது ஆகாதவருக்கு விற்கவே கூடாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. எனக்கு வயது 18தான். ஆனால் கடையில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஊற்றியதும் பொங்கியது பாருங்கள், புஸ் என்று நுரை! சுற்றி நின்றவர்கள் என்னை எஞ்சினியராகவே பார்த்தார்கள். கழுவிவிட்டுப் பார்த்தால் கறுப்பு அப்படியே இருக்கிறது. தளம்தான் சொரசொரவென்று ஆகிவிட்டது.

நுரைத்தது கறை இல்லை நண்பர்களே, சிமெண்ட்! சிமெண்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு உண்டாகிறது. மேல்பரப்பில் அது காற்றுபட்டு கால்சியம் கார்பனேட் ஆகிறது. ஹைட்ரோகுளோரிக் ஆசிட் அதைக் கரைத்து, கார்பன் டை ஆக்சைடை வெளியே தள்ளுகிறது. எண்ணெயை அது தொடுவதே இல்லை. இதெல்லாம் நாம் பரீட்சையில் எழுதியதுதான். களத்தில் நின்றபோது எனக்கு ஞாபகம் வரவில்லை, அவ்வளவுதான்.

களத்தில் கம்பி இல்லாததால் அந்த மட்டில் தப்பித்தோம். மாடித் தளம் என்றால், ஆசிட் விட்டுப்போகும் குளோரைடு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். கம்பி போட்ட கான்கிரீட்டில் ஒரு கன மீட்டருக்கு 0.6 கிலோவுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று ஐ.எஸ். 456:2000 சொல்கிறது. நாமோ கறை போகட்டும் என்று பாட்டில் பாட்டிலாகக் கவிழ்க்கிறோம். இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடரைச் சேர்க்கவே சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூம் என்றால் உயிருக்கே ஆபத்து.

சரி, என்னதான் செய்திருக்க வேண்டும்? ஆயில் சிந்திய அன்றே உமியையோ மரத்தூளையோ கொட்டி உறிஞ்சவிட்டு, கூட்டி அள்ளியிருக்க வேண்டும். ஊறிப்போன கறைக்கு, வாஷிங் சோடாவை வெந்நீரில் கரைத்து, தும்பு பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அதற்கும் மசியாவிட்டால், அதே சோடாத் தண்ணீரில் சாக்பீஸ் மாவைக் களிபோலக் குழைத்துக் கறைமேல் அப்பி, காயவிட்டுச் சுரண்ட வேண்டும். காயும்போது எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே இழுக்கும். ஒரே தடவையில் போகாது. இரண்டு மூன்று தடவை ஆகும். கைக்கு உறை அவசியம், சோடாவும் தோலை அரிக்கும். துருக்கறை, வெற்றிலைக்கறை, பாசி ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எது கறை என்று பார்க்காமல் கை வைக்கக் கூடாது.

கான்கிரீட் கியூப் வார்த்து, 28 நாள் தண்ணீரில் போட்டு உடைத்துப் பார்க்கிறோம். வார்த்த தளத்தை வைத்துக் காப்பாற்றுவது எப்படி என்று ஊரில் ஒருவர் கேட்டால் முழிக்கிறோம். வருஷா வருஷம் கண்காட்சியில் தெர்மகோல் பாலம் வைக்கிறோமே, அதில் ஒன்றைக் குறைத்துவிட்டு, நாலு கறை படிந்த சிலாப் ஒன்றை வைத்து, வருகிறவர்கள் கண்ணெதிரே சுத்தம் செய்து காட்டினால் என்ன? நம் மாணவர் சங்கத்திடம் நான் கேட்பது இதுதான். வருகிற கொத்தனார்களும் அம்மாக்களும் கட்டாயம் நின்று பார்ப்பார்கள்.

பெரியப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. அந்த மூலையில் தளம் பொரிந்து மணல் மணலாக உதிர்கிறது. நெல்லைக் கூட்டி அள்ளினால் மணலும் சேர்ந்து வருகிறது. அம்மா இப்போது அங்கே தார்ப்பாய் விரித்துத்தான் நெல்லைக் காயப்போடுகிறாள்.