பல் இம்ப்ளான்ட்டைத் தாங்குவது எது? எலும்புத் தூளா, உங்கள் எலும்பா?

கடைவாய்ப் பல்லை எடுத்து ரெண்டு வருஷம் ஆச்சு. சரி, இப்போதாவது இம்ப்ளான்ட் வைத்துவிடலாம் என்று கிளினிக் போகிறீர்கள். ஸ்கேனைப் பார்த்த டாக்டர் சொல்கிறார்: “போன் கம்மியா இருக்கு. கிராஃப்ட் போடணும்.” அவர் சொல்வது செல்போனை இல்லை, தாடை எலும்பை என்று புரிவதற்குள் எஸ்டிமேட்டில் இன்னொரு வரி ஏறிவிடுகிறது.

அந்த வரிக்குப் பின்னால் இருப்பது ஒரு சின்னக் குப்பித் தூள். அது எங்கிருந்து வருகிறது? இம்ப்ளான்ட்டை உண்மையிலேயே அதுதான் பிடித்து நிறுத்துகிறதா? ‘மூன்றே நாளில் நிலையான பல்’ என்ற விளம்பரங்கள் ரீல்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் நேரத்தில், பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

எலும்பு எங்கே போச்சு?

பல்லைச் சுற்றியுள்ள தாடை எலும்பு, பல் இருக்கும் வரைதான் தன் வடிவத்தைக் காப்பாற்றும். பல்லை எடுத்ததும் அந்த இடம் சுருங்கத் தொடங்குகிறது. ஒரே ஆண்டில் அகலத்தில் ஏறக்குறைய பாதி குறைந்துவிடலாம். அதிலும் பெரும்பகுதி முதல் 3 மாதங்களிலேயே போய்விடும். கன்னத்துப் பக்கச் சுவர் மெல்லியது என்பதால் அதுதான் முதலில் கரையும். மேல்தாடையின் பின்பகுதியில் சைனஸ் குழியும் கீழே இறங்குவதால், உயரமும் குறையும்.

வழக்கமான இம்ப்ளான்ட் ஒன்றின் விட்டம் சுமார் 4 மி.மீ. அதைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 1 மி.மீ. எலும்பாவது வேண்டும். ஆக, 6 மி.மீ. அகலமாவது தேவை. அது இல்லாத இடத்தில்தான் கிராஃப்ட் என்ற பேச்சு வருகிறது.

உலோகம் எலும்போடு எப்படி ஒட்டுகிறது?

சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரோன்மார்க், 1950களில் முயல் எலும்பில் ரத்த ஓட்டத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். உள்ளே வைத்திருந்த டைட்டானியக் கருவியைத் திரும்ப எடுக்கப் பார்த்தால், வரவில்லை. எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு டைட்டானிய இம்ப்ளான்ட்களைப் பொருத்தினார். அந்த நோயாளி 2006-இல் இறக்கும் வரை, 40 ஆண்டுகளாக, அவை அவர் வாயில் வேலை செய்தன.

இதற்குப் பசை எதுவும் கிடையாது. உயிருள்ள எலும்பு, உலோகத்தின் மேற்பரப்பில் நேரடியாக வளர்ந்து பிடித்துக்கொள்கிறது. அதற்கு வாரங்கள், சில இடங்களில் மாதங்கள் ஆகும்.

உறுதி இரண்டு வகை

சுவரில் ஸ்க்ரூ அடித்தவர்களுக்கு முதல் வகை எளிதாகப் புரியும். செங்கல்லில் இறங்கினால் கெட்டியாக நிற்கும். உதிரும் பூச்சில் இறங்கினால் சுற்றிக்கொண்டே இருக்கும். இம்ப்ளான்ட் வைத்த அன்று கிடைக்கும் இந்தப் பிடிப்பு முதல்நிலை உறுதி. பிறகு புது எலும்பு வளர்ந்து தரும் பிடிப்பு இரண்டாம்நிலை உறுதி.

சிக்கல் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. முதலில் பிடித்திருந்த பழைய எலும்பை உடல் கொஞ்சம் கரைத்துவிட்டுத்தான் புதியதைக் கட்டுகிறது. அதனால் பொதுவாக 2 முதல் 4 வாரங்களுக்குள் மொத்த உறுதி ஒரு பள்ளத்தில் இறங்கி, பிறகு ஏறுகிறது. வலி போச்சு, வீக்கம் போச்சு, இனி முறுக்கைக் கடிக்கலாம் என்று நாம் நினைப்பதும் அதே நேரத்தில்தான். அந்த நாட்களில் இம்ப்ளான்ட் சுமார் 150 மைக்ரானுக்கு மேல், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு மேல், திரும்பத் திரும்ப அசைந்தால், எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்துவிடலாம். அப்புறம் அந்த இம்ப்ளான்ட் ஆடும், எடுத்துவிட வேண்டியதுதான்.

இந்த உறுதியை அளக்க முடியும். திருகி இறக்கும்போது எவ்வளவு முறுக்குவிசை தேவைப்பட்டது என்பது ஓர் அளவு. சுமார் 35 நியூட்டன்-சென்டிமீட்டர் கிடைத்தால் நல்ல பிடிப்பு என்பார்கள். இன்னொன்று அதிர்வை வைத்து அளக்கும் ஐ.எஸ்.க்யூ. எண். 1 முதல் 100 வரையிலான இந்த அளவில் 70-க்கு மேல் என்றால் நல்ல உறுதி, 60-க்குக் கீழே என்றால் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு.

அப்போ தூளின் வேலை என்ன?

கொடிக்குப் பந்தல் போடுவது போல. பந்தல் இடத்தைப் பிடித்து வைக்கும், படர வழி காட்டும். ஆனால் பந்தல் போட்ட அன்றே காய் பறிக்க முடியாது. கிராஃப்ட் தூளும் எலும்பு வளர வேண்டிய இடம் சரிந்துவிடாமல் காக்கிறது. ரத்தக் குழாய்களும் எலும்பு செல்களும் அதன் இடுக்குகளில் நுழைந்து புது எலும்பைக் கட்டுகின்றன.

அன்றைய தினம் இம்ப்ளான்ட்டை இறுக்கிப் பிடிப்பது உங்கள் சொந்த எலும்பு மட்டுமே. தளர்வான தூளுக்கு ஸ்க்ரூவைப் பிடிக்கும் சக்தி கிடையாது. அதனால்தான், அடியில் போதுமான எலும்பு இருந்து பக்கவாட்டில் மட்டும் இடைவெளி இருந்தால், இம்ப்ளான்ட்டையும் கிராஃப்டையும் ஒரே நாளில் வைக்கிறார்கள். பிடிக்க இடமே இல்லையென்றால், முதலில் கிராஃப்ட், பல மாதங்கள் காத்திருப்பு, அதன் பிறகே இம்ப்ளான்ட். பெரிய சைனஸ் கிராஃப்ட் என்றால் 6 முதல் 9 மாதங்கள்கூட ஆகலாம்.

அது யாருடைய எலும்பு?

நான்கு வகைகள் உண்டு.

• சொந்த எலும்பு: தாடையின் பின்பகுதி, தாடைமுனை, தேவை பெரிதென்றால் இடுப்பெலும்பிலிருந்து எடுப்பார்கள். உயிருள்ள செல்கள் இருப்பதால் எலும்பு வளரும் திறன் அதிகம். இன்னோர் இடத்தில் அறுக்க வேண்டும் என்பதும், சீக்கிரம் கரையக்கூடும் என்பதும் குறைகள்.

• பிற மனிதரின் எலும்பு: இறந்தவர்களின் தானத்திலிருந்து பெற்று, பதப்படுத்தித் திசு வங்கிகள் தருபவை.

• விலங்கு எலும்பு: பெரும்பாலும் மாட்டெலும்பு. கரிமப் பொருட்களை நீக்கி, கனிமக் கூடு மட்டும் மிஞ்சும்படி செய்கிறார்கள். மிக மெதுவாகவே கரையும் என்பதால் வடிவத்தை நன்றாகக் காக்கும். பல ஆண்டுகள் கழித்தும் துகள்கள் உள்ளே இருக்கலாம்.

• செயற்கை: ஹைட்ராக்ஸிஅபடைட், ட்ரைகால்சியம் பாஸ்பேட், பயோஆக்டிவ் கண்ணாடி போன்றவை. விலங்கோ மனிதரோ சம்பந்தப்படாதவை. ட்ரைகால்சியம் பாஸ்பேட் வேகமாகக் கரையும், ஹைட்ராக்ஸிஅபடைட் மெதுவாக.

தூளின் மேல் போர்த்தும் மெல்லிய கொலாஜன் சவ்வு பல நேரங்களில் பன்றியிலிருந்தோ மாட்டிலிருந்தோ வருகிறது. சைவ உணவுக்காரர்களுக்கும், மத நம்பிக்கை சார்ந்து மறுப்பு உள்ளவர்களுக்கும் இது சின்ன விஷயம் இல்லை. தன் உடலுக்குள் என்ன போகிறது என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது எந்த நோயாளிக்கும் உரிமை. ‘போன் பவுடர்’ என்று மட்டும் சொல்வது அதற்குப் போதாது.

பாதுகாப்பானதா?

முறையாகப் பதப்படுத்தப்பட்டவை பல பத்தாண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. ஆனால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி ஏன் முக்கியம் என்பதை 2021-இல் அமெரிக்கா பார்த்தது. ஒரே தானக்காரரின் எலும்பிலிருந்து தயாரான, உயிருள்ள செல்கள் கொண்ட ஒட்டுப்பொருள் நூற்றுக்கும் மேற்பட்டோருக்கு, பெரும்பாலும் முதுகெலும்பு அறுவை சிகிச்சையில், வைக்கப்பட்டிருந்தது. அதன் வழியாகக் காசநோய் பரவியது, உயிரிழப்புகளும் நேர்ந்தன. 2023-இல் இதே போன்ற இன்னொரு பரவல். பல் கிளினிக்குகளில் வழக்கமாகப் பயன்படும் உலர்த்திய தூள் வேறு வகை என்றாலும், தொகுப்பு எண் இருந்தால்தான் இப்படியான நேரத்தில் யாருக்கு எது போனது என்று கண்டுபிடிக்க முடியும்.

இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் மருத்துவச் சாதன விதிகள் இருக்கின்றன. 2020 ஏப்ரல் முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் மருந்துக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன. மனிதத் திசுக்களுக்கு, 2011-இல் திருத்தப்பட்ட உறுப்பு மாற்றுச் சட்டம் பொருந்தும். திசு வங்கிகள் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

‘மூன்றே நாளில் பல்’ பொய்யா?

முழுப் பொய் இல்லை. முதல்நிலை உறுதி நன்றாக இருந்து, பல இம்ப்ளான்ட்களை ஒன்றோடொன்று இணைத்துப் பாரத்தைப் பகிர்ந்தால், உடனே தற்காலிகப் பல் வைக்கலாம். ஆனால் அந்த உறுதி எல்லார் தாடையிலும் கிடைக்காது. பெரிய கிராஃப்ட் தேவைப்படும் தாடைக்கு மூன்று நாள் என்று நேரில் பார்க்காமலே யாராவது உறுதி சொன்னால், அங்கே நின்று கேள்வி கேளுங்கள். புகைப்பவர்கள், சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்கள், எலும்பு மெலிவுக்கு ஊசி அல்லது மாத்திரை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். மருந்து விவரத்தை டாக்டரிடம் மறைக்கக் கூடாது.

என்ன கேட்க வேண்டும்?

1. ஸ்கேனில் என் எலும்பின் அகலம், உயரம் எத்தனை மி.மீ.?
2. கிராஃப்ட் இல்லாமல் குட்டையான இம்ப்ளான்ட், பிரிட்ஜ், கழற்றி மாட்டும் செட் என்று மாற்று வழி உண்டா?
3. தூளும் சவ்வும் எதிலிருந்து தயாரானவை?
4. இம்ப்ளான்ட் வைத்த அன்று உறுதி எவ்வளவு வந்தது? பல் மாட்டும் முன் மறுபடி அளப்பீர்களா?
5. இம்ப்ளான்ட், கிராஃப்ட் இரண்டின் லேபிளும் எனக்குக் கிடைக்குமா?

ஐந்தாவதைக் கண்டிப்பாக வாங்குங்கள். போட்டோ எடுத்துச் செல்போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷம் கழித்து வேறு ஊரில் ஸ்க்ரூ தளர்ந்தால், எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று தெரியாமல் அங்குள்ள டாக்டரால் எளிதில் சரிசெய்ய முடியாது.

இனிமேல்தான் பல் எடுக்கப் போகிறீர்களா? அந்தக் குழியை அன்றே நிரப்பிப் பாதுகாக்கலாமா என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சுருக்கத்தை அது முழுசாக நிறுத்தாது, ஆனால் குறைக்கும். பின்னால் வரும் பெரிய கிராஃப்டும், மாதக்கணக்கான காத்திருப்பும் சில பேருக்கு அதிலேயே மிச்சமாகிவிடும்.