தெரிந்தவர் பெயர் போதுமா?

குற்றால அருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை விதிக்கிறார்கள் போலீசார். தென்காசியில் ஒரு வீட்டுக் கம்ப்யூட்டருக்கு அப்படித் தடை விதிக்க யார் வருவார்கள்? வீட்டுக்காரரே காவல் நிற்க வேண்டியதுதான்!

2000-ஆம் ஆண்டு மே மாதம் மணிலாவிலிருந்து ஒரு மின்னஞ்சல் கிளம்பிற்று. தலைப்பு 'ஐ லவ் யூ'. உடன் வந்த இணைப்பு காதல் கடிதம் போலத் தோன்றிற்று. உள்ளே இருந்ததோ வைரஸ். திறந்தவரின் படங்கள் அழிந்தன. அவர் முகவரிப் பட்டியலில் இருந்தவர்களுக்கெல்லாம் அவர் பேராலேயே அது பறந்தது. நண்பர் பெயரைக் கண்டு நம்பியவர்களே ஏமாந்தார்கள்.

ஆகவே, தெரிந்தவர் பெயர் மட்டும் போதாது. எதிர்பாராமல் இணைப்பு வந்தால், அனுப்பியவரைப் போனில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே திறக்க வேண்டும். அருமையான படங்களுக்கு வேறிடத்தில் நகல் இருக்கட்டும். கேட்பதில் வெட்கம் என்ன? வெள்ளத்தில் இறங்கிய பிறகு வருந்தி என்ன பயன்?