பழைய விலையைக் காட்டும் இணையப் பக்கம்: குறை எங்கே?

2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது நம் வணிகர்கள் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது. சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு வந்தன. நெய்யும் வெண்ணெயும் 12லிருந்து 5க்கு இறங்கின. வரி நீங்கலாக 100 ரூபாய் பெறும் சரக்கு முதல் நாள் 118 ரூபாய், மறுநாள் காலை 105 ரூபாய். பில் போடும் கம்ப்யூட்டரில் இரவோடு இரவாக மாற்றிவிட்டோம். ஆனால் ஆர்டர் எடுப்பதற்கென்று மொத்த வியாபாரிகள் பலர் செய்து வைத்திருக்கும் இணையப் பக்கங்கள் மட்டும் மாறவில்லை.

இன்று விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பனமலை, அனந்தபுரம் போன்ற ஊர்களின் சிறு கடைக்காரர்கள்கூட செல்போனில் விலை பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். அவர்கள் போனில் பல நாள் பழைய விலையே தெரிந்துகொண்டிருந்தது. "வரியைக் குறைச்சும் நீங்க விலையைக் குறைக்கலையே முதலாளி?" என்று நம்மிடமே கேட்டார்கள். வரிக் குறைப்பை வியாபாரிகள் தம் பையில் போட்டுக்கொள்கிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சு நடந்த நேரம் அது. பக்கத்தைச் செய்து கொடுத்தவர்களைக் கூப்பிட்டால், "அது கேஷ் பிரச்சினை சார், போனை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்லுங்க" என்றார்கள். கேஷ் என்றால் நமக்குக் கல்லாவில் இருப்பது. அவர்களுக்கு அது போன் தன்னிடம் சேர்த்து வைத்துக்கொள்ளும் பழைய பிரதி.

இந்தப் பதிலை நாம் ஏற்கக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. குறை கடைக்காரரின் போனில் இல்லை. பக்கத்தைத் தயார் செய்து அனுப்பிய முறையில் இருக்கிறது. அதைச் சரியாகச் செய்யும் வழி மென்பொருள் துறையில் எல்லோருக்கும் தெரிந்தது. நமக்குத் தெரியாது என்பதால் நம்மிடம் அரைகுறையாகச் செய்து கொடுத்துவிடுகிறார்கள்.

விஷயம் இதுதான். ஓர் இணையப் பக்கத்தில் இரண்டு வகைச் சரக்கு இருக்கிறது. விலை, இருப்பு, பாக்கி போன்றவை நிமிடத்துக்கு நிமிடம் மாறும்; இவை தகவல் தளத்திலிருந்து அவ்வப்போது வர வேண்டும். இன்னொன்று படங்கள், எழுத்துரு, நிறமும் அமைப்பும் சொல்லும் கோப்பு, பக்கத்தை இயக்கும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல். இவை யார் வந்து கேட்டாலும் ஒன்றுபோலவே போகும். இவற்றை ஸ்டாட்டிக் அசெட் என்கிறார்கள். நாம் நிலைக்கோப்பு என்று வைத்துக்கொள்வோம்.

நிரல் எழுதுகிறவர் நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாக எழுதுவார். அதை அப்படியே அனுப்பினால் போன் ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கியே சோர்ந்துவிடும். எனவே அனுப்பும் முன் ஒரு கருவி எல்லாவற்றையும் சேர்த்து, வெற்றிடங்களையும் குறிப்புகளையும் நீக்கிச் சுருக்கி, சில கட்டுகளாகக் கட்டித் தனி அடைவில் வைக்கிறது. இந்த வேலைக்கு பில்டு என்று பெயர். 2012இல் வந்த வெப்பேக், 2020இல் வந்த வீட் ஆகியவை இதற்கான கருவிகள். இரண்டும் இலவசம். மூட்டையாக வந்த சரக்கைச் சலித்து, புடைத்து, பாக்கெட் போட்டு அனுப்புகிற நமக்கு இதைப் புரிந்துகொள்வது கடினமில்லை.

இனி பெயர் வைக்கிற விஷயம். பக்கம் வேகமாகத் திறக்க வேண்டும் என்பதற்காக, ஒரு தடவை வந்த கோப்பை ஓராண்டு வரை, அதாவது 3,15,36,000 விநாடிகள், வைத்துக்கொள் என்று போனுக்குச் சொல்லி அனுப்புவது வழக்கம். நல்ல ஏற்பாடுதான். பனமலையில் சிக்னல் ஒரு கோடு காட்டும் இடத்திலும் பக்கம் உடனே திறக்கும். ஆனால் உள்ளே இருப்பதை மாற்றிவிட்டுப் பெயரை மாற்றாமல் விட்டால் என்ன ஆகும்? அந்தப் பெயரில் ஒன்று தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறதே என்று போன் புதியதைக் கேட்கவே கேட்காது. ஆகவே கோப்பில் உள்ளதைக் கணக்கிட்டு, அதிலிருந்து வரும் ஒரு சிறு குறியீட்டைப் பெயரோடு சேர்த்துவிடுகின்றன இந்தக் கருவிகள். உள்ளே ஓர் எழுத்து மாறினாலும் குறியீடு மாறும், பெயரும் மாறும், போன் புதிதாகக் கேட்டு வாங்கும்.

நம் பகுதி வணிகர்களுக்கு இது புதிதே அல்ல. திண்டிவனம் எண்ணெய் வித்து ஆராய்ச்சி நிலையத்தின் மணிலா ரகங்களை டி.எம்.வி. 2, டி.எம்.வி. 7 என்று எண் சொல்லித்தான் கேட்கிறோம். புது ரகம் வந்தால் புது எண். பழைய எண்ணுக்குள் புது விதையைப் போட்டு விற்றால் விவசாயி சும்மா விடுவாரா?

பெயர்களின் பட்டியலைத் தாங்கி வரும் முதல் பக்கத்தை மட்டும் ஓராண்டு வைத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. அதை ஒவ்வொரு தடவையும் சர்வரிடம் கேட்டுச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும். பட்டியலே பழையதாக இருந்தால் புதுப் பெயர் யாருக்குத் தெரியும்?

நம்மவர்கள் பலருக்கு நடந்தது இதைவிடச் சாதாரணம். விலைப்பட்டியலை அழகாக வடிவமைத்து, ஒரு படமாகவோ பி.டி.எஃப். ஆகவோ பப்ளிக் என்ற அடைவில் போட்டுவிடுகிறார்கள். வீட் கருவி அந்த அடைவில் உள்ளவற்றைப் பெயர் மாற்றாமல் அப்படியே நகல் எடுத்து வைக்கும். அதன் விதியே அதுதான். செப்டம்பரில் பட்டியலை மாற்றி அதே பெயரில் மறுபடி ஏற்றினார்கள். பழைய பட்டியல் போன்களிலேயே தங்கிவிட்டது. இதில் கருவியின் தவறு ஒன்றுமில்லை. மாறக்கூடிய விலையைக் கொண்டுபோய் மாறாத கோப்புகளோடு கட்டியதுதான் தவறு. விலை எந்த நாளும் படத்துக்குள் போகக் கூடாது. வரி விகிதமும் நிரலுக்குள் எழுதப்படக் கூடாது.

நடுவில் இன்னொரு கிடங்கும் உண்டு. 1998இல் அமெரிக்காவில் தொடங்கிய ஆகமாய் போன்ற நிறுவனங்கள், கோப்புகளின் பிரதியை ஊருக்கு ஊர் சர்வர்களில் வைத்து அருகிலிருந்து வழங்குகின்றன. கம்பெனி சரக்கை ஸ்டாக்கிஸ்ட் வைத்துக் கொடுப்பது மாதிரி. பெயர் மாறாத கோப்பு அங்கேயும் பழையதாகவே கிடக்கும். நம் சர்வரில் மாற்றியாயிற்றே என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம்.

படங்களின் எடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். போனில் எடுத்த ஒரு படம் சுமார் 3 எம்.பி. முந்நூறு சரக்குக்கு அப்படியே ஏற்றினால் 900 எம்.பி. கடைக்காரர் முழுப் பட்டியலையும் பார்த்தால் அவருடைய ஒரு நாள் 1.5 ஜி.பி. பேக்கில் பாதிக்கு மேல் தீர்ந்துவிடும். அதே படங்களை அளவு குறைத்து, கூகுள் 2010இல் கொண்டுவந்த வெப்பி வடிவத்துக்கு மாற்றினால் ஒன்றை 30 கே.பி.க்குள் அடக்கலாம், முந்நூறும் சேர்ந்து 9 எம்.பி. தான். பில்டு நடக்கும்போதே இதைச் செய்துவிட முடியும். அழகுக்காக மூன்று நான்கு தமிழ் எழுத்துருக்களை ஏற்றி அனுப்புவதும் நமக்குத் தேவையில்லாத செலவு. இன்றைய போன்களில் தமிழ் எழுத்து ஏற்கெனவே இருக்கிறது. சோம்பும் சீரகமும் வாங்க வருகிறவருக்கு அதுவே போதும்.

பணம் கொடுத்துச் செய்விக்கும்போது நம் சங்கத்தவர்கள் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. பில்டு ஆன கட்டை மட்டும் வாங்கிக்கொண்டு மீதித் தொகையைக் கொடுத்துவிடாதீர்கள். அது அரைத்து முடித்த மசாலாத் தூள். அதிலிருந்து மிளகாயையும் மல்லியையும் பிரித்தெடுக்க முடியாது. சுருக்கப்பட்ட நிரலில் இன்னொருவர் கை வைத்துத் திருத்துவது பெரும்பாடு. மூல நிரலும், எந்தக் கருவியின் எந்தப் பதிப்பில் எப்படி பில்டு செய்வது என்ற குறிப்பும் சேர்ந்து வர வேண்டும். செய்து கொடுத்தவர் நாளை வேறு வேலைக்குப் போய்விட்டால் வேறொருவரைக் கொண்டு தொடரலாம்.

புதிய கட்டை ஏற்றும்போது கோப்புகளை முதலில் வைத்து, முதல் பக்கத்தைக் கடைசியில் மாற்ற வேண்டும் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். பழைய கோப்புகளை உடனே அழிக்கவும் கூடாது. பக்கத்தைத் திறந்து வைத்தபடியே வாடிக்கையாளரைக் கவனிக்கப் போன கடைக்காரர், திரும்பி வந்து அடுத்த பொத்தானை அழுத்தும்போது அவர் போன் பழைய பெயரைத்தான் கேட்கும். அது அங்கே இல்லை என்றால் பாதி ஆர்டரில் திரை வெள்ளையாக நின்றுவிடும். சில வாரங்கள் இரண்டும் இருக்கட்டும், இடம் ஒன்றும் பெரிதாகப் பிடிக்காது.

ஏற்றுக்கொள்ளும் முன் சோதித்துப் பாருங்கள். ஒரு சரக்கின் படத்தையும் விலையையும் மாற்றச் சொல்லிவிட்டு, நேற்றே இந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்த ஒரு கடைக்காரரின் போனில் திறந்து காட்டச் சொல்லுங்கள். செய்து கொடுக்க வந்த பிள்ளைகள் தங்கள் புதுப் போனை நீட்டுவார்கள். அதில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.