மஞ்சள் நிறத்தைப் பார்த்து மிரளாதீர்கள்

பழைய கம்ப்யூட்டர் வாங்க வருபவர்கள் முதலில் பார்ப்பது அதன் நிறத்தைத்தான். கடலூரிலும் சிதம்பரத்திலும் இதைப் பலமுறை கவனித்திருக்கிறேன். கேபினட் வெள்ளையாக இருந்தால் நல்ல மெஷின். மஞ்சளாகிவிட்டால் ஓடித் தேய்ந்த மெஷின்! நன்றாக வேலை செய்யும் கீபோர்டுகூட இதனால் பழைய சாமான் கடைக்குப் போய்விடுகிறது. இது வீண் நஷ்டம் என்பேன்.

இந்த மஞ்சள் அழுக்கு அல்ல. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. பழைய கேபினட், கீபோர்டு, வீடியோ கேம் பெட்டி எல்லாம் பெரும்பாலும் ஏபிஎஸ் என்ற பிளாஸ்டிக்கில் செய்யப்பட்டவை. லெகோ கட்டைகளும் 1963 முதல் இதே பிளாஸ்டிக்தான். அக்ரிலோநைட்ரைல், பியூட்டாடையீன், ஸ்டைரீன் ஆகிய மூன்றும் சேர்ந்தது ஏபிஎஸ். இதில் பியூட்டாடையீன் ரப்பர் போன்றது. கீழே விழுந்தாலும் உடையாமல் காப்பது அதுதான். ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரும் சூடும் சேரும்போது, காற்றிலுள்ள ஆக்சிஜன் முதலில் தாக்குவதும் அதைத்தான். அப்போது உருவாகும் சேர்மங்கள் நீல ஒளியை உறிஞ்சிக் கொள்கின்றன. மிச்ச ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது.

பழைய கீபோர்டுகள் சிலவற்றைப் பாருங்கள். ஸ்பேஸ்பார் மட்டும் மஞ்சளாகி, மற்ற கீகள் வெள்ளையாகவே இருக்கும். ஒரே மேஜை, ஒரே வெயில், ஒரே கை. பின் ஏன் இந்த வித்தியாசம்? ஸ்பேஸ்பார் ஏபிஎஸ், மற்ற கீகள் பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக். ஆக, நிறம் சொல்வது பிளாஸ்டிக்கின் கதையை. உள்ளே இருக்கும் மதர்போர்டின் கதையை அல்ல.

பொம்மைகளில் பலவும் பிவிசியில் செய்யப்படுகின்றன. கடலூர் சிப்காட் பகுதியில் 2009ல் தொடங்கிய ஆலையில் தயாராவதும் இந்தப் பிவிசிதான். இது மஞ்சளாகும் விதம் வேறு. சூட்டில் இதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு பிரிந்து போக, நிறம் மாறுகிறது. மென்மைக்காகச் சேர்த்த பொருள் வெளியே கசிந்தால் பொம்மை பிசுபிசுக்கும்.

மஞ்சளை நீக்க ஹைட்ரஜன் பெராக்சைடு தடவி வெயிலில் வைக்கும் முறை 2008 முதல் பிரபலமாகியுள்ளது. வெளுப்பது உண்மைதான். ஆனால் திட்டுத் திட்டாக வெளுக்கலாம். மஞ்சள் திரும்பியும் வரலாம். கையிலோ கண்ணிலோ பட்டால் ஆபத்து. அரிய பொம்மை சேகரிப்பவர்கள் கையுறையும் கண்ணாடியும் அணிந்து முயலட்டும். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு இது தேவையில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் வேண்டும். மிகவும் மஞ்சளான பிளாஸ்டிக் நொறுங்கும் தன்மை பெற்றிருக்கும். கேபினட்டைத் திறக்கும்போது கிளிப்புகளை வேகமாக இழுக்காதீர்கள்.

பழைய கம்ப்யூட்டர் வாங்கும்போது அதை ஓடவிட்டுப் பாருங்கள். ஹார்டு டிஸ்க்கில் 'கடகட' சத்தம் வருகிறதா, மதர்போர்டில் கெப்பாசிட்டர்கள் உப்பியிருக்கின்றனவா, எல்லாக் கீகளும் வேலை செய்கின்றனவா என்று சோதியுங்கள். இவை சரியாக இருந்தால் மஞ்சள் நிறத்தைக் காட்டியே விலையைக் குறைத்துக் கேளுங்கள். புதிதாக வாங்கியவர்கள் ஜன்னல் வெயில் படாத இடத்தில் கம்ப்யூட்டரை வையுங்கள். நம் ஊர் வெயிலுக்கு ஒரு திரைச்சீலை போதும்.