மீட்டு வளர்த்த கோழி நோயால் இறந்தால்: எஞ்சிய கோழிகளையும் வீட்டிலுள்ள நோயாளியையும் காப்பது எப்படி?

முட்டையிடும் பருவம் முடிந்து கழிக்கப்பட்ட பண்ணைக் கோழி, வண்டியிலிருந்து தவறி விழுந்த கோழி, தெருவில் காயத்துடன் கிடந்த கோழி என ஏதேனும் ஒன்றை இரக்கத்துடன் வீட்டுக்கு எடுத்து வந்து, ஏற்கெனவே உள்ள நாட்டுக்கோழிகளுடன் வளர்ப்போர் பலர். அவ்வாறு வளர்த்த கோழி சில நாட்களிலோ வாரங்களிலோ இறந்துவிட்டால் வருத்தம் ஒருபுறம் இருக்க, இரண்டு கேள்விகள் எழுகின்றன. மற்றக் கோழிகளுக்கும் இந்நோய் பரவுமா? வீட்டில் சிகிச்சை பெற்றுவரும் நோயாளிக்கு இதனால் ஆபத்து உண்டா? இறப்புக்கான காரணம் தெரியும் வரை அதனைத் தொற்றுநோயாகவே கருதி நடந்துகொள்வது இவ்விரண்டுக்கும் பொருந்தும் பாதுகாப்பான வழியாகும்.

இன்று இதனை ஏன் பேச வேண்டியுள்ளது?

எச்5என்1 வகைப் பறவைக் காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலாக 2006-இல் மகாராட்டிர மாநிலம் நவாப்பூரில் உறுதி செய்யப்பட்டது. அதன்பின் பல மாநிலங்களில் அது மீண்டும் மீண்டும் தோன்றியுள்ளது. கேரளத்தின் ஆலப்புழை மாவட்டத்தில் வாத்துகளிடையே 2014, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் இந்நோய் கண்டறியப்பட்டது. 2025 பிப்ரவரியில் ஆந்திரத்தின் கிழக்கு, மேற்கு கோதாவரி மாவட்டக் கோழிப்பண்ணைகளிலும் உறுதியானது. இருபுறமும் அண்டை மாநிலங்களில் நோய் தலைகாட்டும்போது, வலசைப் பறவைகளும் காகங்களும் வந்துபோகும் நம் வீட்டுக் கொல்லைக்கும் விழிப்பு தேவைப்படுகிறது.

மனிதருக்கு இந்நோய் எளிதில் தொற்றுவதில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொடர்ச்சியாகப் பரவுவதும் இதுவரை காணப்படவில்லை. ஆயினும் தொற்றினால் அது கடுமையானதாக அமையக்கூடும். 2003 முதல் உலக அளவில் பதிவான 900-க்கும் மேற்பட்ட எச்5என்1 நோயாளிகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் உயிரிழந்துள்ளனர். இந்தியாவில் மனிதருக்கு ஏற்பட்ட முதல் எச்5என்1 மரணம் 2021 ஜூலையில் பதிவானது. இறந்தவர் அரியானாவைச் சேர்ந்த சிறுவர். அவருக்கு இரத்தப் புற்றுநோய் இருந்தது. 2025 மார்ச்சில் ஆந்திரத்தின் பல்நாடு மாவட்டத்தைச் சேர்ந்த இரண்டு வயதுக் குழந்தை ஒன்று இதே தொற்றால் இறந்தது. அக்குழந்தை சமைக்காத கோழி இறைச்சித் துண்டை உண்டதாகக் குடும்பத்தினர் தெரிவித்தனர். நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களும் சிறு குழந்தைகளும் உள்ள வீடுகள் கூடுதல் கவனத்துடன் இருக்க வேண்டும் என்பதை இவ்விரு நிகழ்வுகளும் காட்டுகின்றன.

எல்லா இறப்பும் பறவைக் காய்ச்சல் அன்று

பண்ணையிலிருந்து வந்த வயது முதிர்ந்த முட்டைக்கோழிகள் பெரும்பாலும் பிறருக்குத் தொற்றாத காரணங்களால் இறக்கின்றன. முட்டைக்குழாயில் முட்டை அடைத்துக்கொள்ளுதல், வயிற்றறையில் முட்டைக்கரு சிதறி அழற்சி உண்டாதல், கல்லீரலில் கொழுப்பு மிகுதல் ஆகியவை அவற்றுள் சில. வயிறு உப்பி, நிமிர்ந்து நின்று, நடக்க இயலாமல் ஒரு கோழி மட்டும் மெலிந்து இறந்தால் இவற்றுள் ஒன்று காரணமாக இருக்கலாம்.

தொற்று நோய்களுள் நம் ஊர்களில் மிகுதியாகக் காணப்படுவது வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிக்கெட் நோய். பச்சை கலந்த வெள்ளைக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சுவிடுதல், கழுத்துத் திருகல், கால் அல்லது இறக்கை செயலிழத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். மனிதருக்கு இது பெரும்பாலும் தற்காலிகமான கண் சிவப்பை மட்டுமே உண்டாக்கும். இரத்தம் கலந்த எச்சம், குறிப்பாகக் குஞ்சுகளில், குடல் ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சலைக் குறிக்கலாம்.

முன்னறிகுறி இன்றித் திடீரென இறத்தல், கொண்டையும் தாடியும் நீலம் பாய்தல், முகவீக்கம், கால்களில் செந்நிறத் திட்டுகள், அடுத்தடுத்த நாட்களில் பல கோழிகள் மடிதல் ஆகியவை பறவைக் காய்ச்சலை ஐயுறச் செய்பவை. எனினும் கண்ணால் பார்த்து மட்டும் இதனையும் இராணிக்கெட் நோயையும் வேறுபடுத்த இயலாது. ஆய்வகச் சோதனையே உறுதி செய்யும்.

பண்ணைக் கோழிகளுக்கு இளமையிலேயே தடுப்பூசி போடப்பட்டிருக்கும். அதனால் அவை வெளித்தோற்றத்தில் நலமாக இருந்துகொண்டே கிருமியைச் சுமக்கக்கூடும். தடுப்பூசி போடாத நாட்டுக்கோழிகள் அக்கிருமியால் எளிதில் பாதிக்கப்படும். ஆகவே, புதிய கோழி நலமாகத் தெரிவதை மட்டும் நம்பி உடனே கூட்டத்தில் சேர்த்தல் கூடாது.

முதல் நாளில் செய்ய வேண்டியவை

- இறந்த கோழியை வெறுங்கையால் தொடாதீர்கள். கையுறையும் முகக்கவசமும் அணிந்து, இரண்டு நெகிழிப் பைகளில் ஒன்றனுள் ஒன்றாக இட்டுக் கட்டி, நாய், பூனை, காகம் அணுகாத இடத்தில் வையுங்கள்.
- குழந்தைகள் தாம் வளர்த்த கோழியை மடியில் வைத்து அழ விரும்புவர். உடலைத் தொடவிடாமல், தொலைவில் நின்று விடைகொடுக்கச் செய்யுங்கள்.
- அருகிலுள்ள கால்நடை மருந்தகத்துக்கு, அல்லது 1962 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். மாதிரி எடுக்க வேண்டுமா, எங்கு எவ்வளவு ஆழத்தில் சுண்ணாம்பு இட்டுப் புதைக்க வேண்டும் என்பதை அவர்கள் கூறும்வரை காத்திருங்கள். குப்பையிலோ நீர்நிலையிலோ எறியாதீர்கள்.
- சோர்ந்த கோழிகளைத் தனியே பிரித்து வையுங்கள். தீவனமும் நீரும் வைக்கும்போது நலமான கோழிகளிடம் முதலிலும் சோர்ந்தவற்றிடம் இறுதியிலும் செல்லுங்கள்.
- எஞ்சிய கோழிகளை விற்காதீர்கள், உறவினருக்கும் கொடுத்தனுப்பாதீர்கள்.
- இறக்கும் நிலையிலுள்ள கோழியை, வீணாகிவிடுமே என்று அறுத்துச் சமைக்காதீர்கள். அறுத்தலும் இறகு பறித்தலும் உண்பதைக் காட்டிலும் கூடுதலாகத் தொற்றுக்கு வழிவகுக்கும்.

கூண்டையும் எஞ்சிய கோழிகளையும் பேணுதல்

பறவைக் காய்ச்சல் கிருமி கோழி எச்சத்தில் 4 பாகை வெப்பத்தில் 35 நாட்கள் வரையிலும், 37 பாகையில் ஏறத்தாழ 6 நாட்களும் உயிர்த்திருக்கும். ஆகவே கூண்டைத் தூய்மை செய்வது தவிர்க்க இயலாதது. உலர்ந்த எச்சத்தைப் பெருக்கினால் தூசு எழும். முதலில் நீர் தெளித்து ஈரமாக்கி அள்ளுங்கள். சோப்பு நீரால் கழுவிய பின்னரே பிளீச்சிங் பவுடர் கரைசலைப் பயன்படுத்துங்கள். அழுக்கு எஞ்சியிருந்தால் அதன் ஆற்றல் குறைந்துவிடும். தீவனத்தையும் நீரையும் காகங்களும் பிற பறவைகளும் எட்டாதவாறு மூடி வையுங்கள். கூண்டுக்கென்று தனிச் செருப்பு வைத்துக்கொள்ளுங்கள்.

மனிதருக்கு வாங்கி மீந்த நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரைகளைக் கோழிகளுக்குக் கொடுக்காதீர்கள். அவை வைரசை அழிப்பதில்லை. மருந்துக்கு அடங்காத கிருமிகள் உருவாகவே உதவுகின்றன. இராணிக்கெட் நோய்க்குத் தடுப்பூசி உண்டு. எஞ்சியவற்றுக்கு எப்போது போடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். இனி எந்தக் கோழியை மீட்டு வந்தாலும் குறைந்தது 30 நாட்கள் தனிக்கூண்டில் வைத்துப் பார்த்த பின்னரே மற்றவற்றுடன் சேருங்கள்.

வீட்டில் நோயாளி இருந்தால்

புற்றுநோய்ச் சிகிச்சை பெறுவோர், உறுப்பு மாற்று செய்துகொண்டோர், இரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்வோர், எச்ஐவி தொற்றுடையோர், கருவுற்ற பெண்கள், ஐந்து வயதுக்குட்பட்டோர், முதியோர் ஆகியோர் கூண்டைத் தூய்மை செய்தலோ நோயுற்ற கோழியைக் கையாளுதலோ கூடாது. பராமரிப்பாளரே கோழிகளையும் கவனிக்க வேண்டியிருப்பின், கூண்டு வேலை முடிந்ததும் உடை மாற்றி, கைகளைச் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே நோயாளியிடம் செல்ல வேண்டும்.

நோயாளிக்கு வலுவூட்டுவதற்காகப் பச்சை முட்டையும் அரைவேக்காட்டு முட்டையும் கொடுக்கும் வழக்கத்தைக் கைவிடுங்கள். நோய் தாக்கிய கூட்டத்தின் முட்டைகளைக் கால்நடை மருத்துவர் அனுமதிக்கும் வரை உண்ணாதீர்கள். நலமான கோழியின் இறைச்சியும் முட்டையும் எல்லாப் பகுதியும் 70 பாகை செல்சியசை எட்டும்படி நன்கு வெந்திருந்தால் பாதுகாப்பானவை.

இறந்த கோழியைக் கையாண்ட பத்து நாட்களுக்குள் காய்ச்சல், இருமல், தொண்டைவலி, கண் சிவப்பு, மூச்சுத்திணறல் ஆகியவற்றுள் ஏதேனும் தோன்றினால் உடனே அரசு மருத்துவமனையை அணுகுங்கள். கோழி இறந்ததை முதலிலேயே மருத்துவரிடம் கூறுங்கள். அத்தகவல் இல்லையேல் அது வழக்கமான காய்ச்சலாகவே கருதப்படக்கூடும். ஓசெல்டாமிவிர் மருந்தை விரைவாக, இயன்றால் அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள், தொடங்குவது மிகுந்த பயன் தரும். அதனை மருத்துவர் பரிந்துரையின்றி உட்கொள்ளாதீர்கள்.

தெரிவிக்கத் தயக்கம் வேண்டா

தகவல் சொன்னால் எல்லாக் கோழிகளையும் கொன்றுவிடுவார்கள் என்ற அச்சத்தால் பலர் இறப்பை மறைக்கின்றனர். ஒரு கோழி இறந்ததற்காகவே அழிப்பு நடைபெறுவதில்லை. பறவைக் காய்ச்சல் ஆய்வகத்தில் உறுதியான பின்னரே, பாதிப்பு மையத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் சுற்றளவில் அது மேற்கொள்ளப்படுகிறது. அவ்வாறு அழிக்கப்படும் பறவைகளுக்கு இழப்பீடு உண்டு. பறவைக் காய்ச்சலையோ இராணிக்கெட் நோயையோ ஐயுற்றால் தெரிவிப்பது 2009-ஆம் ஆண்டு விலங்குகளின் தொற்றுநோய்கள் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி உரிமையாளரின் கடமையுமாகும்.

வெள்ளைக் கழிச்சல் எனத் தெரிந்தால் அண்டை வீட்டார் தம் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ள இயலும். பறவைக் காய்ச்சல் எனத் தெரிந்தால் உங்கள் வீட்டு நோயாளிக்கு உரிய காலத்தில் சிகிச்சை கிடைக்கும். தொற்றில்லாக் காரணம் எனத் தெரிந்தால் எஞ்சிய கோழிகளை அச்சமின்றி வளர்க்கலாம்.

கால்நடை மருத்துவ உதவிக்கு 1962, மருத்துவ ஆலோசனைக்கு 104, அவசர ஊர்திக்கு 108 ஆகிய எண்களை அழையுங்கள்.