"எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதி அனுப்பினால் சம்மன் ரத்தாகுமா?

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தேக்கா பக்கம் கார் நிறுத்த இடமே இல்லை. "அஞ்சே நிமிஷம்தான்" என்று இரட்டை மஞ்சள் கோட்டில் நிறுத்திவிட்டுப் பூவும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு வருகிறீர்கள். பிறகு ஒருநாள் அபராதக் கடிதம். "ஐயோ, சம்மன் வந்திருச்சு!"

நண்பர்கள் குழுவில் புலம்பினால் யாராவது ஒருவர் ஒரு காணொளியை அனுப்புவார். அதில் வருபவர் ரொம்ப நம்பிக்கையோடு பேசுவார். நீங்கள் கையெழுத்துப் போடாத சட்டம் உங்களைக் கட்டுப்படுத்தாதாம். அபராதம் என்பது வெறும் ஒப்பந்தமாம். "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதி அனுப்பினால் கதை முடிந்ததாம்.

முடியாது. உண்மையில் கதை அங்கேதான் ஆரம்பிக்கும்.

எங்கிருந்து வந்தது இது?

இப்படிப் பேசுபவர்களை ஆங்கிலத்தில் 'சாவரின் சிட்டிசன்' அல்லது 'ஃப்ரீமேன்' என்பார்கள். எந்த அரசாங்கத்துக்கும் கட்டுப்படாத தனிமனிதர் என்று பொருள். சிந்தனையின் வேர் 1970களின் அமெரிக்காவில் இருக்கிறது. வரி கட்ட மறுத்த வெள்ளை இனவாதக் குழுக்கள் அதை வளர்த்தன. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பினத்தவருக்கு 1868இல் குடியுரிமை தந்த அரசமைப்புத் திருத்தத்தைக் காட்டி, அவர்கள் இரண்டாந்தரக் குடிமக்கள், வெள்ளையர் மட்டுமே சட்டத்துக்கு மேற்பட்டவர்கள் என்றன. அந்தச் சரக்கைத்தான் இன்று நம் குழுக்களில் நாமே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்டிருக்கிறோம்.

சிங்கப்பூரில் இந்த வாதம் பரவலாகக் கேட்டது கொவிட் காலத்தில். 2020 மே மாதம், ஷுன்ஃபு மார்ட்டில் முகக்கவசம் அணிய மறுத்த பெண் ஒருவர் தம்மை 'சாவரின்' என்று சொன்ன காணொளி உங்களுக்கு நினைவிருக்கலாம். சமுதாயம் தரும் பாதுகாப்பையும் மருத்துவத்தையும் வாங்கிக்கொண்டு அதன் விதி மட்டும் எனக்கில்லை என்று சொல்ல முடியாது என்ற கருத்தில் அமைச்சர் கா. சண்முகம் அப்போது பேசினார். ஓராண்டு கழித்து அந்தப் பெண்ணுக்கு 2 வாரச் சிறையும் 2,000 வெள்ளி அபராதமும் கிடைத்தன.

2021இல் எம்ஆர்டி ரயிலில் முகக்கவசம் இல்லாமல் பயணம் செய்த பிரிட்டிஷ் நாட்டவர் ஒருவர், அந்தச் சட்டம் தமக்குப் பொருந்தாது என்று அரசு நீதிமன்றத்தில் வாதிட்டார். அவருக்காகப் பேச வந்தவர் வழக்கறிஞரே இல்லை. கிடைத்தது 6 வாரச் சிறை.

பெரிய எழுத்தில் இருப்பது 'நீங்கள்' இல்லையா?

இவர்களுக்குப் பிடித்த இன்னொரு வாதம் பெயரைப் பற்றியது. ஆவணங்களில் உங்கள் பெயர் முழுவதும் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் இருக்கிறது அல்லவா? அது நீங்கள் இல்லையாம், அரசாங்கம் உருவாக்கிய ஒரு போலி நிறுவனமாம். அபராதம் அதற்குத்தானாம். 1933இல் அமெரிக்கா தங்க நாணய முறையைக் கைவிட்டபோது குடிமக்களையே அடகு வைத்துவிட்டது என்பது இதன் பின்னணிக் கதை. அப்போது சிங்கப்பூர் பிரிட்டனின் காலனி. அமெரிக்கா அடகு வைத்ததாகவே வைத்துக்கொண்டாலும் நம் தாத்தா பாட்டி அந்தப் பட்டியலில் எப்படி வந்தார்கள்?

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேச்சே கிடையாது. ஆக, இந்த வாதத்தைத் தமிழில் சொல்லவே முடியாது. "இன்னாரின் மகன் இன்னார்" என்று பெயரை எழுதினால் சட்டத்திலிருந்து தப்பலாம் என்றும் சிலர் சொல்வதுண்டு. நம்மில் பலருடைய அடையாள அட்டையில் பெயர் பிறந்ததிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. இதுவரை யாரும் தப்பியதாகத் தெரியவில்லை!

இன்னும் கொஞ்சம் புத்திசாலித்தனமாகத் தெரிவது, சட்டத்தில் 'நபர்' என்றால் நிறுவனம்தான் என்ற வாதம். சிங்கப்பூரின் சட்டப் பொருள்விளக்கச் சட்டத்தில் 'நபர்' என்ற சொல் நிறுவனங்களையும் 'உள்ளடக்கும்' என்றுதான் இருக்கிறது. "பழங்களில் டுரியானும் அடங்கும்" என்றால் மாம்பழம் பழமில்லை என்றா அர்த்தம்?

"நான் வண்டி ஓட்டவில்லை, பயணம்தான் செய்கிறேன். நடமாடுவது என் உரிமை" என்பதும் உண்டு. நம் அரசமைப்பின் 13ஆம் பிரிவு குடிமக்களுக்கு நடமாடும் உரிமையைத் தருகிறது. ஆனால் அதே வரியில் பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் தொடர்பான சட்டங்களுக்கு உட்பட்டே தருகிறது. நடந்து போங்கள், பேருந்தில் போங்கள், யாரும் கேட்கப்போவதில்லை. கார் ஓட்டத்தான் உரிமம் கேட்கிறார்கள்.

அப்படியானால் சம்மதத்துக்கு இடமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் காணொளிக்காரர் சொல்லும் இடத்தில் இல்லை.

நாம் பேச்சுவழக்கில் எல்லா அபராதக் கடிதத்தையும் 'சம்மன்' என்கிறோம். சட்டப்படி சம்மன் என்பது நீதிமன்றத்துக்கு வரச் சொல்லும் ஆணை. முதலில் வரும் கடிதம் பெரும்பாலும் அது இல்லை. "இந்தத் தொகையைக் கட்டினால் வழக்குப் போடாமல் இதோடு முடித்துக்கொள்கிறோம்" என்று அதிகாரிகள் தரும் வாய்ப்பு அது. ஏற்பதும் மறுப்பதும் உங்கள் இஷ்டம். கடுமையான குற்றமென்றால் அந்த வாய்ப்பே வராது, நேரே நீதிமன்றம்தான்.

இப்போது புரிகிறதா? "எனக்குச் சம்மதமில்லை" என்று எழுதும்போது நீங்கள் மறுப்பது சட்டத்தை இல்லை, அந்தச் சலுகையை. கெடு முடியும். உண்மையான சம்மன் வரும். அதற்கும் போகவில்லையென்றால் கைதாணை பிறப்பிக்கப்படலாம். நிலுவை அபராதம் இருந்தால் சாலை வரியையும் புதுப்பிக்க முடியாது.

புதிதாக உரிமம் எடுத்தவர்கள் இன்னும் கவனமாக இருக்கணும். மற்றவர்களுக்கு 24 மாதத்தில் 24 குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமம் இடைநிறுத்தப்படும். முதலாண்டில் இருப்பவர்களுக்கு 13 புள்ளியே போதும், உரிமமே ரத்தாகிவிடும். வேகமாக ஓட்டியதற்கான அபராதமும் புள்ளிகளும் 2026 ஜனவரி 1 முதல் கூடியிருக்கின்றன. தேவையில்லாத கடிதப் போரில் நேரத்தைக் கரைக்கும் விலை இப்போது அதிகம்.

கனடாவின் ஆல்பர்ட்டா நீதிபதி ஜான் ரூக் 2012இல் ஒரு விவாகரத்து வழக்கில் இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்து அலசினார். தீர்ப்பு 736 பத்திகள்! அந்நாட்டு நீதிமன்றங்களில் இவை எதுவும் வென்றதில்லை என்றார். அவருக்கு அதிகக் கோபம் வந்தது இவற்றைக் காசுக்கு விற்கும் 'குரு'க்கள் மீதுதான். அவ்வளவு நம்பிக்கை இருந்தால் அவர்களே ஏன் நீதிமன்றத்துக்கு வந்து வாதாடுவதில்லை என்று கேட்கச் சொன்னார். காணொளி அனுப்பிய நண்பரிடமும் அதையே கேட்டுப் பார்க்கலாம்.

அபராதம் நிஜமாகவே தவறு என்றால்?

அதிகாரிகளும் தவறு செய்வார்கள். எதிர்த்துப் பேசுவதில் தப்பே இல்லை, அது உங்கள் உரிமை. வண்டியை ஏற்கெனவே விற்றுவிட்டீர்களா? எண்பலகையைத் தவறாகப் பதிந்திருக்கிறார்களா? யாரையாவது அவசரமாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனீர்களா? ஆதாரத்தோடு இணையத்தில் மேல்முறையீடு செய்யுங்கள். கெடுவுக்குள் செய்யுங்கள்.

அன்று ஓட்டியது தம்பி என்றால் அதையும் உடனே தெரிவிக்கணும். ஓட்டியவர் யார் என்று சொல்லும் கடமை வண்டி உரிமையாளருக்கு உண்டு. சொல்லாவிட்டால் ஓட்டியது நீங்கள்தான் என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். "அந்தப் பெயரில் இருக்கும் நபர் நான் இல்லை" என்று பக்கம் பக்கமாக எழுதுபவர் கடைசியில் தம்பியின் புள்ளிகளையும் சேர்த்து வாங்கிக்கொள்வார்.

மேல்முறையீடு எடுபடாவிட்டால் நீதிமன்றத்தில் குற்றத்தை மறுத்து விசாரணை கேட்கலாம். வழக்கறிஞர் இல்லையென்றால் அரசு நீதிமன்றக் கட்டடத்தில் உள்ள சமூக நீதி நிலையத்தில் வழிகாட்டுவார்கள். ஆங்கிலத்தில் பேசத் தயக்கமாக இருந்தால், அல்லது கடிதம் அப்பா பெயரில் வந்திருந்தால், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.