நூலறையும் கணினியறையும்



நாடு விடுதலை பெற்றபின் பொதுநூலகங்களுக்கென முதன்முதல் சட்டம் இயற்றியது அன்றைய சென்னை மாநிலம். ஆண்டு 1948. அச்சட்டத்திற்குப் பின்னின்று உழைத்தவர் சீர்காழியிற் பிறந்த அரங்கநாதனார். நூல்கள் பூட்டிக் காப்பதற்கல்ல, எடுத்துப் பயன்கொள்வதற்கே என்பதை நூலகத் துறையின் முதல் நெறியாக 1931-ஆம் ஆண்டிலேயே வகுத்துரைத்தவர் அவர். உலகத்து நூலகர் யாவரும் அந்நெறியைப் பயில்கின்றனர். அவர் பிறந்த மண்ணின் பள்ளிகள் பலவற்றிலோ நூல்கள் நிலைப்பேழைக்குள் கிடக்கின்றன. பேழையின் திறவுகோல் தலைமையாசிரியர்தம் இழுப்பறைக்குள் கிடக்கின்றது.

ஏன் பூட்டினீர் என்று வினவின், நூலொன்று காணாமற் போயின் பொறுப்பாசிரியரன்றோ விடை சொல்ல வேண்டும் என்பர். இதனை வெறுஞ்சாக்கு என்று தள்ளிவிடவும் இயலாது. பெரும்பாலான அரசுப் பள்ளிகளில் நூலகத்திற்கெனத் தனி நூலகர் இலர். தமிழாசிரியரோ வேறோர் ஆசிரியரோ தம் வகுப்புச் சுமையின்மேல் இச்சுமையையும் ஏற்றுக்கொள்கின்றார். ஆண்டிறுதிக் கணக்கெடுப்பில் நூல்களின் எண்ணிக்கை குறையாதிருத்தலே அவர்க்குப் பெருமை. எத்துணைப் பிள்ளைகள் எடுத்துப் படித்தனர் என்று கேட்பார் இலர். படிக்கப்படாத நூல் தொலைவதில்லை. ஆகலின் பூட்டே வெல்கின்றது. வீட்டு வரியோடு நாம் செலுத்தும் நூலக வரியும் பொதுநூலகங்களுக்கே உரியது. பள்ளி நூலகம் அதன் எல்லைக்குள் வாராது.

அதே பள்ளியில் இன்னோர் அறையும் உண்டு. உயர்நிலை, மேனிலைப் பள்ளிகளில் அரசு அமைத்துள்ள உயர்தொழில்நுட்ப ஆய்வகம் அது. கணினிகள் உள்ளன, இணைய இணைப்பு உள்ளது. தேர்வும் பயிற்சியும் அங்கு நடைபெறுகின்றன. இரண்டறைகளும் ஒரே தாழ்வாரத்தில் இருப்பினும், நூலறையிலிருந்து கணினியறைக்கும் கணினியறையிலிருந்து நூலறைக்கும் பிள்ளையின் உள்ளம் செல்ல ஒரு வழியும் இல்லை. அவ்வழியைத் தமிழாசிரியரே அமைத்தல் வேண்டும் என்பதே இத்திங்கள் நாம் வலியுறுத்த விரும்புவது.

(2023-இல் பள்ளிக் கல்வித்துறை பிள்ளைகளுக்கெனச் சிறு நூல்களை அச்சிட்டு வழங்கி ஓர் இயக்கம் தொடங்கியது. முயற்சி நன்று, வாயாரப் பாராட்டுகின்றோம். ஆனால் அதற்கு 'வாசிப்பு இயக்கம்' என்று பெயர் சூட்டினரே! 'படிப்பு' என்னும் சொல்லுக்கு என்ன குறை வந்தது? நிற்க.)

இணையத்தில் தமிழுக்கு என்ன இருக்கின்றது என்று இகழ்ந்து கேட்கும் அன்பர் நம்முள்ளும் உளர். அவர்கள் ஒருமுறையேனும் சென்று காண்பார்களாக. 1998-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் தொடங்கப்பெற்றது மதுரைத் திட்டம். சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய முனைவர் கலியாணசுந்தரம் முன்னின்று நடத்த, பல நாடுகளில் வாழும் தமிழர் ஒரு காசும் பெறாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சிட்டு, மெய்ப்புத் திருத்தி, எவரும் எடுத்துக்கொள்ளுமாறு வைத்தனர். 2001-இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தோன்றிப் பின்னர்த் தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப் பெயர்மாறிய அரசு நிறுவனத்தின் மின்னூலகத்தில் நாட்டுடைமையான நூல்களும், கிடைத்தற்கரிய முதற்பதிப்புகளும், நின்றுபோன இதழ்களும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து வைக்கப்பட்டுள்ளன.

மொழிஞாயிறு பாவாணரின் நூல்களும் இன்று இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன. அவற்றுள் ஒரு படிக்காகப் பழைய நூற்கடைகளில் அலைந்த தலைமுறையினர்க்கே இதன் அருமை விளங்கும். அவரை இயக்குநராகக் கொண்டு 1974-இல் தொடங்கப்பெற்ற செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலி, 1981-இல் அவர் மறைந்தபின்னும் தொடர்ந்து, 2011-இல் 31 பகுதிகளாக நிறைவெய்தியது. அத்தனை பகுதிகளையும் வாங்கி அடுக்கிவைக்கத்தக்க சிற்றூர்ப் பள்ளி எங்கே இருக்கின்றது? அதனையும் இன்று திரையில் விரித்துப் பார்க்கலாம்.

ஈழத்தார் 2005-இல் தொடங்கிய 'நூலகம்' என்னும் மின்னூலகத்தைத் தனித்தே குறிப்பிடல் வேண்டும். யாழ்ப்பாணப் பொதுநூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் 1981-இல் தீக்கிரையாக்கப்பட்டன. ஒரு நூலின் ஒரே படியை ஒரே கட்டடத்துள் வைத்திருத்தல் எத்துணைப் பேரிடர் என்பதை ஈழத்தமிழரைப் போல் அறிந்தவர் எவர்?

இத்துணைச் செல்வமும் வாயில் திறந்து கிடக்க, நம் பிள்ளைகள் ஏன் உள்ளே புகவில்லை? கைப்பேசி இல்லாமையாலா? அன்று. தமிழைத் தமிழெழுத்தில் தட்டத் தெரியாமையாலேயே!

நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதப் பழகிவிட்டனர். தோழனுக்கு விடுக்கும் செய்தி, ஆசிரியரிடம் கேட்கும் ஐயம், தாய்க்கு அனுப்பும் இரண்டு வரி, எல்லாம் அவ்வெழுத்தில்தான். அவர்கள் எழுதும் முறையில் மழையும் மலையும் மாலையும் ஒரே வடிவம் பெறும். லகர ளகர ழகரங்கள் ஒன்றாகும். நகர ணகர னகரங்கள் ஒன்றாகும். குறிலும் நெடிலும் ஒன்றாகும். பொதுத் தேடுபொறி அதனை எவ்வாறோ உய்த்துணர்ந்து எதையேனும் காட்டிவிடும். மின்னூலகத்துப் பட்டியலில் ஒரு தமிழ்நூலைத் தேடுவதற்கோ அதன் பெயரைத் தமிழெழுத்திற் பிழையற இடுவதே நேர்வழி. பிழையற எழுத அறியாதவனுக்கு அவ்வாயில் சுவராகவே நிற்கும். வடமொழிக் கலப்பை எதிர்த்துப் போராடிய நாம், எழுத்தையே இழந்துகொண்டிருக்கும் தலைமுறையைப் பார்த்தும் வாளாவிருத்தல் தகுமா?

மருந்து கைக்கெட்டும் தொலைவில்தான் உள்ளது. 1999-இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டை ஒட்டி அரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகை அது. பன்னீருயிர், பதினெண்மெய், ஆய்தம் என முப்பத்தொரு விசைகள். உயிர் இடக்கைக்கு, மெய் பெரும்பாலும் வலக்கைக்கு. ககர விசையைத் தட்டி ஆகார விசையைத் தட்டினால் 'கா' பிறக்கும். ககரத்தை இருமுறை தட்டின் முதலது தானே புள்ளி பெறும். ஙகரத்தின்பின் ககரம் தட்டினாலும், ஞகரத்தின்பின் சகரம் தட்டினாலும் முன்னின்ற எழுத்துத் தானே மெய்யாகும். இனவெழுத்து இன்னதென்று நாம் கரும்பலகையில் எழுதி எழுதித் தேய்ந்ததை அப்பலகை அறிந்து வைத்திருக்கின்றது! எம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாளைக்கு அரைமணியாக மூன்று கிழமை பழகித் தடுமாற்றமின்றித் தட்டுகின்றனர். அவர்தம் கட்டுரைகளில் றகர ரகரப் பிழை குறைந்தது நாம் எதிர்பாராத ஊதியம்.

இன்னொரு தடையும் உண்டு. படமாக எடுத்து வைத்த பக்கத்துள் ஒரு சொல்லைத் தேடிக் காண்டல் பெரும்பாலும் இயலாது. நூற்பெயரும் ஆசிரியர் பெயரும் முன்னரே அறிந்தவனே அந்நூலை அடைவான். பதின்மூன்று அகவைப் பிள்ளைக்கு அப்பெயர்களை யார் சொல்வார்? தமிழாசிரியர் ஒவ்வொரு பாடத்திற்கும் இரண்டு மூன்று நூல்களைத் தேர்ந்து, நம் பேழையில் அதன் எண் யாது, எந்த மின்னூலகத்தில் அஃது உள்ளது என்று ஓர் அட்டையில் எழுதிப் பேழைக் கதவின் உட்புறத்தில் ஒட்டுவாராக. புறநானூற்றுப் பாடம் நடக்கும் நாளில் உ.வே.சா. 1894-இல் வெளியிட்ட பதிப்பின் பக்கங்களைத் திரையில் காட்டுக. சுவடிக்குச் சுவடி சொல் வேறுபட்டதை அவர் அடியிற் குறித்துள்ள பாங்கைக் காணும் பிள்ளை, ஒரு சொல்லைக் காக்க ஒருவர் எத்துணை பாடுபட்டார் என்பதை எவரும் சொல்லாமலே உணர்வான். மணியடித்ததும் ஔவை துரைசாமியாரின் உரையைக் கேட்டு ஒருவனேனும் வருவான். அப்போது பேழை திறந்திருத்தல் வேண்டும்.

திரை வந்தால் நூல் சாகும் என்று அஞ்சும் புலவர்க்கு ஒன்று கூறுவோம். கைப்பேசியில் முழுநூலைப் பிள்ளை படித்து முடிப்பான் என்று நாமும் நம்பவில்லை. அதில் வரும் ஆட்டமும் பாட்டும் அவனை விடா. ஆகலினால்தான் பள்ளிக் கணினியில், ஆசிரியர் அருகிருக்க, கிழமைக்கொரு பாடவேளை என்கின்றோம். திரையில் தேடுவது, தாளிற் படிப்பதற்கு.

இனி, நம் அன்பர்க்கு ஒரு வேண்டுகோள். கோட்டையூர் முத்தையா வாழ்நாளெல்லாம் தேடித் திரட்டிய நூல்களையும் இதழ்களையும் 1992-இல் அவர் மறைந்தபின் விலை கொடுத்து வாங்கிக் காத்தது கடல்கடந்த சிக்காக்கோப் பல்கலைக்கழகம். 1994-இல் அத்தொகுப்பு சென்னையிலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று என்பது நம் நற்பேறு. உங்கள் வீட்டுப் பரணில் தனித்தமிழ் இதழ்கள் கட்டுக்கட்டாக இருக்கக்கூடும். கறையான் முந்திக்கொள்ளுமுன் அவற்றை இறக்கிப் பாருங்கள். இதழின் பெயர், ஆண்டு, திங்கள், விடுபட்டவை எவை என்பவற்றை ஓர் அஞ்சலட்டையில் எழுதி நமக்கு விடுங்கள். மின்னாக்கம் செய்வாரிடம் அவற்றைச் சேர்ப்பித்து, கட்டு குலையாமல் திரும்பப் பெற்றுத் தருவது எம் பொறுப்பு.